இனியா நினைவு டர்ஃப்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. போட்டுவிட்டு அங்கேயே நிற்பேன். தொட்டி நிரம்பும்போது குழாயில் சத்தம் மாறும். சத்தம் மாறியதும் நிறுத்துவேன். பிறகு பல் தேய்ப்பது, குளிப்பது, ஒரு டம்ளர் காபி. சின்ன பாக்கெட் பால் போதும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பால்காரரே மாற்றிவிட்டார். செய்தித்தாளை நான் நிறுத்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி. அங்கிருந்து கீழ்பென்னாத்தூர் பஸ். கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் கணக்கு பார்க்கிறேன். படித்தது எம்.எஸ்சி. புள்ளியியல். மில்லில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மாலையில் வேங்கிக்காலில் இறங்கி மைதானத்துக்குப் போகிறேன். அங்கே நான் வேங்கை கால்பந்துக் கழகத்தின் டைரக்டர் ஆஃப் ஃபுட்பால்.

பதவியைக் கொடுத்தவர் கழகத்தின் தலைவர் கலையரசன் அண்ணன். வேங்கிக்காலில் மனை விற்கிறார், ஒரு லாட்ஜும் வைத்திருக்கிறார். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும் தெருக்களில் பாதி அவர் பிரித்துக் கொடுத்தவை. டிவியில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்ப்பார். அவரது ஆபீசுக்கு என்னை ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஃபாரின் கிளப் எல்லாத்துலயும் இருக்குது தம்பி. கோச்சு வேற, டைரக்டர் வேற. கோச்சு நாளைக்கு நடக்கிற மேட்ச்ச பாப்பான். டைரக்டரு பத்து வருஷம் கழிச்சி நடக்கப் போற மேட்ச்ச பாப்பான். யார எடுக்கிறது, யார உடறது, எல்லாம் அவன் கையில."

"எனக்கு ஃபுட்பால் தெரியாதுண்ணா."

"உன் வொய்ஃபுக்குத் தெரியும் இல்ல?"

சரி என்றேன். அப்போது இனியா இறந்து நான்கைந்து மாதம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் எனக்கு ஆயுள் காப்பீடு விற்றார். இன்னொருவர் ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அது இரண்டு நாளில் தானாகவே வேறு வீடு பார்த்துக்கொண்டது.

இனியா மாவட்ட அணிக்கு ஆடியவள். ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். காலை நேரங்களில் இந்த மைதானத்தின் வடக்குப் பாதியில் வேங்கை கழகத்தின் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். ஓரமாக ஸ்கூட்டியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியையும் ஊறுகாய் பாட்டிலையும் நகர்த்தி நகர்த்திச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு விளங்கவில்லை. ஊறுகாய்தான் கவிழ்ந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

போன ஆடி மாதம், ஒரு காலை, பயிற்சிக்குக் கிளம்பினாள். பைபாஸ் திருப்பத்தில் லாரியிலிருந்து கொட்டிய மணல் கிடந்தது. ஸ்கூட்டி சறுக்கியது. விழுந்ததிலிருந்து அவள் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தாள். அதுவரையிலும் பேசவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

காரியத்தன்று மைதானத்து வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கோப்பையோடு நின்ற படத்திலிருந்து இனியாவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். கோப்பையின் ஒரு கைப்பிடி மட்டும் அவள் தோளில் மிச்சம் இருந்தது. கீழே எழுதியிருந்தது: "கிளப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா - இனியாவின் கடைசி வார்த்தை." அண்ணா என்றது கலையரசன் அண்ணனை. அவள் தன் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னதாக இரங்கல் கூட்டத்தில் அவர் குரல் உடையப் பேசினார். ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் முதலில் அழுதார்கள். வந்திருந்தவர்களும் பிறகு அழுதார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. அவள் கடைசியாகச் சொன்னது என்னிடம்தான், எங்கள் வீட்டு கேட்டில், அன்று காலை. அது என்ன என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

டைரக்டராக முதல் நாள் போனபோது கோச் ஆதிமூலம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு காத்திருந்தார். ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார். ஆண்கள் அணி அவர் பொறுப்பு.

"டைரக்டர் சார், கை வெச்ச சேரு உங்களுக்கு. கையில்லாதது எனக்கு."

"எதுவா இருந்தா என்ன மாஸ்டர்."

"அப்படி உட முடியாது. எனக்கு மேல ஒருத்தரு வந்துட்டாரு. யாரு மேல, யாரு கீழன்னு சேர பாத்தாவது பசங்களுக்குத் தெரியணும் இல்ல?"

உட்கார்ந்தேன். நாற்காலியின் ஒரு கால் உள்ளே வாங்கியது. ஆதிமூலம் முன்பக்கம் பார்த்தபடி சொன்னார்: "அசையாம உக்காந்தா தாங்கும் சார்."

மைதானத்து வாசலில் சரசு அக்காவின் டீக்கடை. செய்தி அங்கே எனக்கு முன்பே போயிருந்தது.

"டைரக்டராமே மாறன் தம்பி? படத்துல ஹீரோயினி யாரு?"

கேட்ட பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலை ஆற்றினார், ஆற்ற வேண்டியதைவிட அதிகமாகவே. அன்றைய டீயில் சர்க்கரை ஜாஸ்தி. அன்றிலிருந்து எனக்கு எப்போதும் சர்க்கரை ஜாஸ்திதான். எனக்குச் சர்க்கரை பிடிக்காது. சொன்னால் அக்கா வருத்தப்படுவார் என்று குடித்துவிடுகிறேன்.

ஒரு டைரக்டர் ஆஃப் ஃபுட்பால் என்ன செய்ய வேண்டும் என்று மில்லில் உட்கார்ந்து போனில் படித்தேன். கழகத்துக்கு ஒரே பாணி ஆட்டம் இருக்க வேண்டும், சின்னவர்களிலிருந்து பெரியவர்கள்வரை. எந்த வயதில் யார் போவார், அந்த இடத்துக்கு யார் வருவார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இது எனக்குப் புரிந்தது. ஆஃப்சைடைவிட எளிது. பழைய ஆட்டங்களின் முடிவுகளைக் கேட்டு வாங்கி ஓர் அறிக்கை தயாரித்தேன். ஆண்கள் அணி மாவட்ட லீக்கில் கடைசிக்கு ஓர் இடம் முன்னால். பெண்கள் அணி தொடர்ந்து மண்டலப் போட்டிக்குப் போகிறது. ஆனால் பெண்கள் அணியில் ஒவ்வொரு வருடமும் சிலர் படிப்பென்றும் கல்யாணமென்றும் போய்விடுகிறார்கள், எனவே இன்னும் சின்ன வயதிலேயே ஆள் சேர்க்க வேண்டும். இதுதான் அறிக்கை.

கலையரசன் அண்ணன் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். புரட்டினார்.

"பைண்டிங் நல்லா இருக்குது. கலர்ல ஒண்ணு போட்டிருந்தா இன்னும் தூக்கலா இருந்திருக்கும்."

டைரக்டருக்கு உண்மையான வேலை பௌர்ணமியன்றுதான் வந்தது. எங்கள் மலையைச் சுற்றிவரும் கிரிவலத்துக்கு எல்லா ஊர் வண்டிகளும் வரும். அன்று மைதானம் வண்டி நிறுத்துமிடம். ஆதிமூலம் தன் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"வேன் எல்லாம் பெனால்ட்டி ஏரியாவுல வுடுங்க சார். காரு சென்டர்ல. பஸ் வந்தா மூலைக்கு."

மாலை முழுக்க விசில் ஊதினேன். ஓசூரிலிருந்து வந்த ஒரு டிரைவர் நான் சொன்ன இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் நிறுத்தினார். ஆதிமூலம் என் பக்கத்தில் வந்து மைதானத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"நாலு, நாலு, ரெண்டு. எப்படி நிக்குது பாருங்க. இந்த சீசன்ல நம்ம ஃபார்மேஷன் கலையாம நின்னது இன்னிக்குத்தான்."

மறுநாள் காலை மில்லுக்குப் போகுமுன் மைதானத்துக்குப் போனேன். பெண்கள் வந்தார்கள். அன்னதானத் தட்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். இன்ஜின் எண்ணெய் சிந்தின இடங்களில் மண்ணைத் தூவினார்கள். பிறகுதான் பந்தை எடுத்தார்கள். கீப்பர் உண்ணாமலை, பிளஸ் டூ படிக்கிற பெண், என் காலடியில் கிடந்த தட்டையும் எடுத்தாள்.

"தினமும் நீங்களா சுத்தம் பண்றீங்க?"

"பௌர்ணமிக்கு மறுநாள் சார். மேம் இருக்கும்போதே அப்படித்தான். பசங்க சாயந்தரம்தானே வருவாங்க. அவங்க வரும்போது கிரவுண்டு தானா சுத்தம் ஆயிடுதுன்னு நெனச்சினு இருக்காங்க."

கேப்டன் சினேகா கல்லூரியில் முதல் வருடம். இனியா போன பிறகு பயிற்சியை அவள்தான் நடத்துகிறாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அன்று மட்டும் வந்து நின்றாள்.

"டைரக்டர்னா எங்களுக்கும் டைரக்டர்தானே சார்?"

"ஆமா."

"நம்ம கோல்போஸ்ட்டு சவுக்குக் கம்பு சார். ஒண்ணு சாஞ்சினு இருக்குது. பந்து பட்டா கோலா இல்லியான்னு தினமும் சண்டை."

அண்ணனிடம் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். "ஆவட்டும் பாக்கலாம்" என்றார். கம்பு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

ஆடி மறுபடி வந்தது. இனியாவின் வருட நினைவு நாளுக்கு ஒரு வாரம் முன்னால் அண்ணன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ஆடுகளம். பச்சைச் செயற்கைப் புல், சுற்றிலும் வலை, உயரமான விளக்குகள். உள்ளே சிலர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேலே வளைவில் எழுத்து: இனியா நினைவு டர்ஃப்.

"எப்படி?"

"எங்கண்ணா இது?"

"நம்ம கிரவுண்டுலதான். வடக்குப் பக்கம்."

"அது பொண்ணுங்க ஆடற எடம்."

"பொண்ணுங்க எத்தினி நாளைக்கு ஆடுவாங்க? இன்னிக்கு ஆடுவாங்க, நாளைக்குக் கட்டிக் குடுத்துடுவாங்க. நானா சொல்றேன்? நீயே ரிப்போர்ட்டுல எழுதி இருக்கிற."

அவர் அதைப் படித்திருந்தார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"டீம நிறுத்தறோம்னு நான் சொன்னேன்னு வெச்சுக்க, அவங்கவங்க அப்பா அம்மா வந்து என் ஆபீசு வாசல்ல நிப்பாங்க. நீ சொன்னா? இனியா வீட்டுக்காரரே சொல்லிட்டாருன்னு போயிடுவாங்க. யார எடுக்கிறது, யார உடறதுன்னு முடிவு பண்றது டைரக்டரு வேலை. ஃபாரின்ல அப்படித்தான் தம்பி. வருஷ நாளு அன்னிக்கே பூமி பூஜ. நீ மைக்குல ரெண்டு வார்த்த பேசிடு, போதும்."

என்னை ஏன் டைரக்டர் ஆக்கினார் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்ததே தவிர ஒன்றும் தோன்றவில்லை. வாய் தன் பழக்கத்தில் சரி என்றது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

வேங்கிக்காலில் எந்தச் செய்தியும் ஒரு நாளுக்கு மேல் ஆபீசுக்குள் தங்காது. நினைவு நாளுக்கு முந்தின மாலை சரசு அக்கா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சினேகாவும் உண்ணாமலையும் வந்தார்கள். உண்ணாமலை தோளில் பந்துகள் அடைத்த வலைப்பை.

"நீங்க சரின்னு சொல்லிட்டீங்களாமே சார்" என்றாள் சினேகா.

"ம்."

"டர்ஃப்புக்கு மேம் பேரு."

"ம்."

"நல்லா இருக்குது சார். மேமுக்கு கிரிக்கெட்டுனா ரொம்பப் புடிக்கும்."

இனியாவுக்கு கிரிக்கெட் பிடிக்காது. அது எனக்கும் தெரியும், சினேகாவுக்கும் தெரியும். சரசு அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்ணாமலை பையைத் தோளிலிருந்து இறக்கி என் காலடியில் வைத்தாள். "இது மேம் சொந்தமா வாங்கின பந்து சார். கிளப்போடது இல்ல. வீட்டுக்கு எடுத்துனு போயிடுங்க. இங்க இருந்தா நாளைக்கு எவனாவது கிரிக்கெட் ஸ்டம்புக்கு முட்டுக் குடுப்பான்."

அவர்கள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் நான் சரி என்றிருப்பேன், அண்ணனிடம் போய் மறுபடி சரி என்றிருப்பேன். திரும்பி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் உண்ணாமலை திரும்பி வந்தாள்.

"அதுல ஒண்ணு காத்து எறங்கும் சார். வாரத்துக்கு ஒருக்கா அடிக்கணும். மஞ்சக் கோடு போட்டது."

சொல்லிவிட்டுப் போனாள். பையை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிலில் இனியாவின் பக்கம் காலியாக இருந்தது. அங்கே வைத்தேன். ராத்திரி திரும்பிப் படுத்தபோது ஒரு பந்து முதுகில் பட்டது. மஞ்சள் கோடு போட்டது. அமுக்கிப் பார்த்தேன். காற்று இறங்கித்தான் இருந்தது.

நினைவு நாள் காலை வழக்கம்போல மோட்டார் போட்டேன், நின்றேன், நிறுத்தினேன். மில்லுக்கு லீவு. மைதானத்துக்குப் போனேன்.

ஷாமியானா போட்டிருந்தார்கள். வடக்குப் பாதியில் ஒரு சின்னக் குழி, பக்கத்தில் மஞ்சள் பூசின செங்கற்கள், ஒரு பெரிய பூசணிக்காய், காத்திருக்கும் குருக்கள். மேடைக்கு எதிரே புதிய ஃப்ளெக்ஸ், பழையதைவிட இரண்டு மடங்கு உயரம். இந்த முறை கோப்பையின் கைப்பிடியை அழித்துவிட்டிருந்தார்கள். தோளும் கொஞ்சம் சேர்ந்து அழிந்திருந்தது. கடைசி வார்த்தை மட்டும் அதே வார்த்தை.

பெண்கள் அணி ஓரமாக நின்றது. எல்லோரும் ஜெர்சி போட்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்களும் வந்திருந்தார்கள். ஆதிமூலம் எனக்குக் கை வைத்த நாற்காலியைப் போட்டார்.

கலையரசன் அண்ணன் பேசினார். ஆஸ்பத்திரி, கை, கடைசி வார்த்தை. போன வருடம் அவள் ஒரு முறைதான் அதைச் சொல்லியிருந்தாள். இந்த வருடம் மூன்று முறை சொன்னாள்.

"அந்தப் பொண்ணு பேச்ச காப்பாத்தணும்னுதான் இவ்வளவும் செய்யறேன். இப்ப நம்ம டைரக்டரு, இனியா வீட்டுக்காரரு, முக்கியமான ஒரு முடிவ சொல்லுவாரு."

மைக்கைக் கையில் கொடுத்தார். எதிரே சினேகா என்னைப் பார்க்கவில்லை. உண்ணாமலை கீப்பர் கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். மேலே இனியா சிரித்துக்கொண்டிருந்தாள், எந்த ஆட்டத்தில் ஜெயித்ததற்கோ.

"அண்ணன்கிட்ட அவ சொன்னது உண்மைதான்" என்றேன். "ஆனா எங்கிட்டயும் ஒண்ணு சொன்னா."

கூட்டம் நிமிர்ந்தது. அண்ணனும் நிமிர்ந்தார்.

"வடக்குப் பக்கம் பொண்ணுங்களுக்குன்னு சொன்னா. அத வேற எதுக்கும் குடுத்துடாதீங்கன்னா. டீம நிறுத்தக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா."

அதோடு நிறுத்தினேன். பெண்கள் பக்கமிருந்து ஓர் அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அண்ணன் மைக்கைக் கையால் பொத்தி, என் காதருகே குனிந்தார்.

"தம்பி. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில வாயே தொறக்கலியே."

"உங்ககிட்ட பேசினதுக்கு முன்னாடிண்ணா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தன் மனைக்குள் வேறொருவன் கல் நட்டுவிட்டதைப் பார்க்கிற முகம்.

கையில்லாத நாற்காலியிலிருந்து ஆதிமூலம் எழுந்தார். "இதுல இன்னாத்துக்குக் குசுகுசுன்னு? போறவங்க சொன்ன வார்த்த. ரெண்டு பேருகிட்டயும் சொல்லி இருக்காங்க. எந்திரிச்சி வந்து மலைய பாத்து ரெண்டு பேரும் சொல்லிட்டா முடிஞ்சிது. அப்புறம் எவன் பேசுவான்?"

எங்கள் ஊரில் மலையைப் பார்த்துச் சொன்னதற்கு அப்பீல் கிடையாது. வாய்தா கேட்டு கோர்ட்டுக்கு அலைகிறவர்கள்கூட மலைப் பக்கம் திரும்பச் சொன்னால் சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள். கூட்டத்தில் பலர் "அதான் சரி" என்றார்கள். ஆதிமூலத்தின் குரலில் பல மாதங்களாகக் காணாத உற்சாகம்.

நான் எழுந்து மேடையிலிருந்து இறங்கி மலைப் பக்கம் திரும்பினேன். மலை தெரியவில்லை. ஃப்ளெக்ஸ் மறைத்துக்கொண்டிருந்தது. மலை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் நின்றது மலையைப் பார்த்துத்தான். நடுவில் இனியா இருந்தாள்.

"டீம நிறுத்தக் கூடாதுன்னு சொன்னா" என்றேன்.

பயம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவளைப் பார்த்துப் பொய் சொன்னதால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

"அடுத்து நீங்க தலைவரே" என்றார் ஆதிமூலம்.

கலையரசன் அண்ணன் வேட்டியைச் சரிசெய்தார். மூன்று நான்கு அடி வந்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அதன் ஓரத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார்.

"குருக்களே, நல்ல நேரம் எப்ப முடியுது?"

"முடிஞ்சினே இருக்குதுங்க" என்றார் குருக்கள்.

"கேட்டீங்களா? என் பேச்சுக்கு சத்தியம் வேணுமா? இத்தினி வருஷமா என்ன உங்களுக்குத் தெரியாதா?" மைக்கை வாங்கினார். குரல் உடனே சீரானது. "கிளப்ப பாத்துக்கங்கண்ணான்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சின்னா இன்னா அர்த்தம்? கிளப்புனா பொண்ணுங்க டீமும் சேத்துதான். நான் இருக்கிற வரைக்கும் வடக்குப் பக்கம் ஒருத்தன் கால் வெக்க முடியாது. டர்ஃப்ப என் லாட்ஜுக்குப் பின்னால போட்டுக்கறேன். எடம் இன்னா எனக்குப் பஞ்சமா?"

கை தட்டினார்கள். அவருக்கே கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

குருக்கள் மட்டும் குழியருகே எழுந்து நின்றார். "இப்ப பூஜ எதுக்குங்க? சங்கல்பத்துல இன்னான்னு சொல்லணும். விளக்கேத்தி ஆரம்பிச்சாச்சு, நடுவுல நிறுத்தக் கூடாது."

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். வடக்குப் பாதியில் தரையை விட்டு மேலே நின்றவை சாய்ந்த சவுக்குக் கம்புகள் மட்டும்தான்.

"கோல்போஸ்ட்டுக்குப் பண்ணுங்க" என்றார். "புதுசா இரும்புல போடறோம்."

குருக்கள் அதுவரை கோல்போஸ்ட்டுக்கு மந்திரம் சொன்னதில்லை. வாசக்காலுக்குச் சொல்வதைச் சொல்வதாகச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று கம்புக்கு மஞ்சள் தடவி மாவிலை கட்டினார். பூசணிக்காயைச் சுற்றி, குங்குமம் கரைத்து ஊற்றி, சரியாக கோல்கோட்டின் மேல் போட்டு உடைத்தார்கள். உண்ணாமலை முன்னால் வந்தாள்.

"ஐயோ, அங்கயா? சறுக்கும் சார். நான் எங்க நிக்கறது?"

"வுடும்மா" என்றார் ஆதிமூலம். "எதிர் டீம்காரி பந்தோட வந்து அங்கயே வுழட்டும். உனக்கு வேல கம்மி."

அவள் கேட்கவில்லை. உறையை மறுபடி மாட்டிக்கொண்டு பூசணித் துண்டுகளைப் பொறுக்கினாள், இரண்டு கை மண்ணை அள்ளித் தூவிக் காலால் மிதித்தாள். அண்ணன் ஃப்ளெக்ஸ் போடுகிறவனைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். புதியதில் இரண்டு கடைசி வார்த்தைகளும் இருக்கும் என்றும், அவருடையது மேலே, என்னுடையது கீழே என்றும் பிறகு தெரிந்தது.

பந்துப் பையை எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினேன். சினேகா தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். பைபாஸ் திருப்பத்தில் மெதுவாகப் போனாள். இப்போது அங்கே மணல் இல்லை. வீட்டில் நான் பையைத் தூக்கிவந்தபோது அவள் கேட்டருகே நின்று மாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், மேம் நெஜமாவே அப்படி சொன்னாங்களா?"

"ஏன்?"

"சத்தியம் வாங்கிக்கினாங்கன்னு சொன்னீங்க. மேம் சத்தியம் எல்லாம் கேக்க மாட்டாங்க. ரவுண்டு ஓடச் சொல்லுவாங்க."

நான் பையைக் கீழே வைத்தேன். அவள் பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவங்க கடைசியா இன்னாதான் சார் சொன்னாங்க?"

இந்த ஒரு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள். இதே கேட்டுதான். அன்று காலை இனியா ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டு, ஹெல்மெட்டைப் பாதி மாட்டிக்கொண்டு, பின்னால் திரும்பிச் சொன்னாள். அதை அப்படியே சினேகாவிடம் சொன்னேன்.

"மோட்டார் ஓடினு இருக்குது. பேப்பர எடுத்துனு உக்காந்துடாதீங்க, டேங்க் ரொம்பினா நிறுத்துங்க."